கொதிக்காத தண்ணீர்



சாப்பாட்டைக் குறை சொல்லக்கூடாது என்று என்னை வளர்த்தவர் என் அம்மா. ஆனாலும் ஒரு விருந்தில் பட்ட ஏமாற்றத்தை இன்று சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அம்மா, 2021ஆம் ஆண்டின் கடைசியில் வேலையிலிருந்து நின்றார். அதைக் கொண்டாட, பழைய துரை பங்களா ஒன்றில் நடக்கும் உயர்தர உணவகத்துக்கு அவரை அழைத்துப் போனேன். சிறுவயதில் அதே பங்களாவுக்கு மரக்கறி சுமந்தவர் அவர். குசினி வாசலைத் தாண்டியதில்லை. அன்று முன்வாசலால் போனோம். செருப்பைக் கழற்றக் குனிந்தவரை நான்தான் தடுத்தேன்.

பெரிய வெள்ளைத் தட்டில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு தேங்காய் ரொட்டி. ஓரத்தில் கொஞ்சம் சம்பல். விலைப்பட்டியலில் அதற்குத் 'தோட்டத்து ரொட்டி' என்று பெயர். ரொட்டி ஆறிப்போயிருந்தது. சம்பலில் உறைப்பில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

பிறகு தேநீர் வந்தது. அழகான பீங்கான் கோப்பை, நூலில் தொங்கும் தேயிலைப் பை, வெதுவெதுப்பான தண்ணீர். சாயம் இறங்கவேயில்லை. ஒரு வாய் குடித்த அம்மா மெல்லச் சொன்னார்:

"தண்ணி கொதிக்கலப்பா. பறிச்ச கொழுந்து வீணாப் போச்சே."

நேயர்களே, சப்ரகமுவத் தேயிலை பெரும்பாலும் 2000 அடிக்குக் கீழே விளைவது. கறுத்த இலை, கடுஞ்சாயம். மத்திய கிழக்கு நாடுகளில் அதை விரும்பி வாங்குவதும் அதற்காகத்தான். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக்கொழுந்து வேண்டும். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த கொழுந்து அது. அதற்குத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அக்கறைகூட அந்த இடத்தில் இருக்கவில்லை.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்ததும் அதே 2021இல்தான். எங்கள் விலைச்சீட்டில் இருந்தது அம்மாவின் எட்டு நாள் சம்பளம். அவர் பார்க்காமல் அதை மடித்து வைத்தேன். காசு போனது எனக்குப் பெரிதல்ல. எங்கள் ரொட்டிக்குப் பெயர் வைத்து விற்கத் தெரிந்தவர்களுக்கு, அதைச் சூடாகக் கொடுக்க வேண்டும் என்று தெரியவில்லையே என்பதுதான் என் குறை.

லயத்துக்குத் திரும்பியதும் அம்மா அடுப்பை மூட்டினார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"இப்ப குடிப்பா" என்றார்.

அடுப்படியில் குந்தியிருந்து இருவரும் குடித்தோம். அன்றைய விருந்து அதுதான்.