பார்த்திருந்தவன்
(ஆண்டுவிழாவில் ஆற்றிய இலக்கியச் சொற்பொழிவு)



தலைமக்களைவிட, அவர்களைப் பார்த்திருக்கும் ஒருவனே சில நாவல்களில் நம் நெஞ்சில் நிலைத்துவிடுகிறான். ஹென்றி ஜேம்ஸ் எழுதி 1881-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த 'தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி'யில் வரும் ரால்ஃப் டச்சட் அத்தகையவன்.

அமெரிக்கக் குடியிற் பிறந்து இங்கிலாந்தில் வேரூன்றிய வங்கியாளர் ஒருவரின் ஒரே மகன் அவன். ஹார்வர்டிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றான். காசநோய் வந்து வாழ்வின் வாயிலை அடைத்தது. குளிர்காலத்தில் வெம்மை நாடித் தென்திசை செல்வதும், மீண்டு தேம்ஸ் கரையிலுள்ள மாளிகைக்குத் திரும்புவதுமாகக் காலம் கழிந்தது. ஆயினும் அவன் புலம்பவில்லை. காற்சட்டைப் பைகளில் கைகளை இட்டுக்கொண்டு, தன் நோயையும் நகையாடினான். அந்நகையே அவனுக்குக் கவசம்.

அவன் தாயின் உடன்பிறந்தாள் மகள் இசபெல் அங்கு வருகிறாள். நம் முறைப்படி தங்கை. அந்நாட்டு வழக்கில் மணத்திற்குத் தடையில்லை. அவளிடம் அன்பு கொண்டும், நோயாளியாகிய அவன் அதை வாய்விட்டுக் கூறவில்லை. தன் பங்கிற் பாதியை அவளுக்கு எழுதிவைக்குமாறு மரணப் படுக்கையிலிருந்த தந்தையை வேண்டினான். பொருள்வேட்டைக்காரர் கையில் அவள் சிக்கக்கூடுமே என்று முதியவர் எச்சரித்தார். அந்த இடரையும் எண்ணிப் பார்த்தே அதைச் சிறிதெனத் துணிந்தான் ரால்ஃப். 70,000 பவுன் அவளை அடைந்தது. அதனைக் குறிவைத்த ஆஸ்மண்ட் அவளை மணந்தான். அவள் வாழ்வு சிறையாயிற்று.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். ரால்ஃபின் ஈகை தூயதா? அவளுக்குச் சிறகு அளித்தான், உண்மை. ஆனால், அவள் பறக்கும் அழகைத் தான் காணவேண்டும் என்ற ஆசையும் அதனுள் ஒளிந்திருந்தது. பார்ப்பவன் நாடகத்திற்குப் பொருளும் கொடுத்தால், அதன் முடிவிற்கும் அவன் பொறுப்பாளியாகிறான்.

அப்பொறுப்பை அவன் தட்டிக் கழிக்கவில்லை. கணவன் தடுத்தும் இசபெல் ரோமிலிருந்து ஓடிவருகிறாள். தன்னைச் செல்வியாக்கியவன் அவனே என்பதை அறிந்து, அவன் படுக்கையருகே மண்டியிடுகிறாள். அவளைக் கெடுத்தவன் தானே என்று அவன் நம்புகிறான்; அதைச் சொல்லியும் விடுகிறான். அப்போது அவனிடம் நகையில்லை, கவசம் கழன்றுவிட்டது. வாழ்நாளெல்லாம் பார்த்திருந்தவன், சாகும் வேளையில்தான் பிறர் துயரிற் பங்குகொண்டு வாழ்ந்தான்.

அன்பர்களே! நாமும் நம் மக்களுக்கும் உற்றார்க்கும் பொருள் தருகிறோம்; அறிவுரை தருகிறோம். தந்தபின் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறோமா, தவறு நேர்ந்தால் அருகிற் சென்று அமர்கிறோமா? இவ்வினாவை நம்முன் வைத்து விடைபெறுகிறோம்.