வீரர் என்று எவரைச் சொல்கிறோம்?



வர்த்தமானர் சிறுவராயிருந்தபோது தோழர்களோடு ஒரு மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார். மரத்தைச் சுற்றியிருந்த பாம்பைக் கண்டு மற்றப் பிள்ளைகள் ஓடினர். அவரோ அதைக் கையால் எடுத்து அப்பால் விட்டார். மகாவீரர் என்னும் திருப்பெயர் அமைந்ததற்கு மரபு கூறும் கதைகளுள் இதுவும் ஒன்று. பாம்பை அடித்துக் கொன்றிருந்தாலும் உலகம் அவரை வீரர் என்றே போற்றியிருக்கும். ஆயினும், கதையைப் பேணி வந்த நம் முன்னோர் அஞ்சாமையையும் கொல்லாமையையும் ஒரே செயலில் காண விழைந்தனர். அக்கதை வர்த்தமானரைக் காட்டுவதோடு, அதைச் சொல்லி வந்தவர்களின் உள்ளத்தையும் காட்டிவிடுகிறது.

நாம் கூடியிருக்கும் இந்தச் சேர்வராயன் மலையிலும் அவரவர் உள்ளத்திற்கேற்ற தலைவர்கள் இருக்கின்றனர். 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். அவரை ஏற்காட்டின் தந்தை என்பது தோட்டத்தார் வழக்கு. மலையாளிப் பழங்குடியினரோ, காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு இம்மலைகளில் குடியேறிய உடன்பிறந்தோர் மூவரைத் தம் முன்னோராகச் சொல்வர். ஒரே மலைக்கு இரண்டு தொடக்கங்கள்! காப்பியை எண்ணுவோர்க்கு ஒருவர். குடியையும் உழவையும் எண்ணுவோர்க்கு வேறொருவர்.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாமவர் ஒருவரும் உண்டு. நிலவியல் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் புட், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது தொல்மனிதன் செதுக்கிய கருவி என்பதை அவர் கண் அறிந்தது. எத்தனையோ பேர் கால்பட்டுக் கடந்த நிலம் அது. அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் கிடைத்தன. பாறைகளை ஆராய்ந்து நிலவியல் வரைபடம் அமைப்பதே அவருடைய அலுவல். கற்கருவி தேடுவது அலுவலுக்கு அப்பாற்பட்ட ஈடுபாடு. அதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கைவிடவில்லை. முதுமையில் ஏற்காட்டில் வாழ்ந்தார். திரட்டியவை சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றின் விரிவான பட்டியல் 1914இல் அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை, 1912இலேயே மறைந்துவிட்டார்.

இங்கே சமணர் ஒருவர் தடை எழுப்பக்கூடும். அக்கருவிகள் விலங்குகளின் ஊனை அறுக்கவும் உதவியவை அல்லவா? அவற்றைத் தேடியலைந்தவரை நம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகக் கூறலாமா? தடை நியாயமானதே. ஆனால் அநேகாந்தம் நமக்குக் கற்பித்தது என்ன? ஒரு பொருளை ஒரு நோக்கில் மட்டும் முடிவுகட்டலாகாது என்பதன்றோ? புட்டிடமிருந்து நாம் கொள்ள வேண்டியது கல்லின் கூர்மையை அன்று. சிறியதொன்றைப் பொறுமையோடு உற்றுநோக்கிய பார்வையை. மட்டையாட்டக்காரரையும் திரைநடிகரையும் கொண்டாடும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோரும் இதனை எண்ணலாம். எவரைப் பிடிக்கும் என்று கேட்பதோடு நில்லாமல், அவரிடம் எது பிடிக்கும் என்றும் கேட்டால் விடை வேறாகும். பெரியோரும் இக்கேள்விக்கு விலக்கல்லர். விழா மலர்களில் நாம் எவர் படங்களை முன்பக்கத்தில் அச்சிடுகிறோம் என்பதைச் சற்றே நினைத்துப் பார்த்தால் போதும்.

மலையை விட்டிறங்கி வடக்கே தருமபுரி, செங்கம் பக்கம் சென்றால் நடுகற்கள் நிற்கும். ஆநிரை மீட்டு வீழ்ந்த மறவர்க்கு ஊரார் எடுத்தவை அவை. வில்லும் வாளும் ஏந்திய உருவங்களைத் தாங்கியவை. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் வேறொரு வகை நினைவுச்சின்னம் உண்டு. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியருக்குரிய நிசீதிகை அது. பாறையில் பொறித்த அச்சிறு எழுத்தில் வெட்டுண்ட பகைவர் இல்லை, மீட்ட மாடுகள் இல்லை, கொடுத்த பொன்னும் இல்லை. நோற்ற நாட்களின் எண்ணிக்கையும் ஒரு பெயருமே உள்ளன. நடுகல் எடுத்த அதே தமிழ்நிலம் இவரையும் நினைவிற்குரியவராகத் தேர்ந்தது.

செஞ்சி தொலைவு. புட்டின் நினைவுக்கல்லோ ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்து வளாகத்திலேயே உள்ளது. விழா முடிந்து பிள்ளைகளோடு ஏரிக்குச் செல்வோர், படகேறுமுன் அங்கே ஒருமுறை சென்று வரலாம்.