நடிப்புக் கல்வியும் எல்லைத் தமிழ்ப் பிள்ளைகளும்



பாறசாலை, திருப்புறம், நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை, "நான் நாடகம் படிக்கப் போகிறேன்" என்று கூறினால், பெற்றோர் திகைப்பது இயல்பே. நடிப்புக்கும் ஒரு கல்லூரியா என்பது அவர்களுடைய முதல் ஐயம். மலையாளம் வழங்கும் கல்லூரியில் சில ஆண்டுகள் பயின்றால் பிள்ளையின் தமிழ் என்னவாகும் என்பது இரண்டாவது ஐயம். முதல் ஐயத்துக்கு விடை எளிது. இரண்டாவதையே சற்றுப் பொறுமையாக ஆராய வேண்டும்.

நடிப்பைக் கற்பிக்க இயலும் என்பதற்கு நூறாண்டுக்கு முற்பட்ட சான்று நம்மிடமே உண்டு. திருவனந்தபுரத்தில் 1912-ஆம் ஆண்டு பிறந்த தி. க. சண்முகம், தமையன்மாருடன் 1918-இல் மதுரைக்குச் சென்று, சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக விளங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தார். அக்காலத்துப் பாலர் சபை நாடகக் குழுவாகவும் பள்ளியாகவும் ஒருங்கே இயங்கிற்று. சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கினர். வாத்தியார் சொல்லும் பாடத்தை மனனம் செய்தனர். ஆர்மோனியத்தோடு குரலை இணைத்துப் பாடினர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் இருப்பவரும் கேட்கும்படி சொற்களை முழுமையாக உச்சரிக்கப் பழகினர். பின்னர், 1925-இல் இச்சகோதரர்கள் தாமே ஒரு சபை கண்டனர். ஒழுகினசேரியிலிருந்து சென்ற என். எஸ். கிருஷ்ணன் நடிகராக உருப்பெற்றதும் அச்சபையிலேதான்.

ஆயினும் அப்பயிற்சியைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிட என் மனம் ஒப்பவில்லை. 'மகரக்கட்டு' என்று நாடகக்காரர் கூறும் குரல் உடையும் பருவம் வந்ததும், ஸ்திரீபார்ட்டில் கைதட்டல் பெற்ற சிறுவன் ஒரே மாதத்தில் வேண்டாதவனாகிவிடுவதுண்டு. வேறு கல்வியும் அவனுக்கு இராது. குரல் போனால் பிழைப்பும் போயிற்று.

பாலர் சபைகள் மறைந்தபின் அவற்றின் பணியை ஏற்றவை கல்வி நிலையங்கள். 1959-இல் டில்லியில் தேசிய நாடகப் பள்ளி தோன்றிற்று. நாங்குநேரியில் பிறந்த செ. இராமானுஜம் அங்கே பயின்று, 1967-இல் சாஸ்தாங்கோட்டையில் தொடங்கிய 'நாடகக் களரி' முகாம்களில் ஜி. சங்கரப்பிள்ளை முதலிய மலையாள நாடக அறிஞர்களோடு பணிபுரிந்தார். சங்கரப்பிள்ளை 1970-களின் பிற்பகுதியில் திருச்சூர் அரணாட்டுக்கரையில் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியைத் தொடங்கியபோது, இராமானுஜம் அங்கும் ஆசிரியரானார். மூச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி, குரல், ஒளியமைப்பு, ஒப்பனை, உலக நாடகங்களை ஆழ்ந்து படித்தல் ஆகிய யாவும் அங்கே பாடங்கள். குரல் உடைந்தாலும் கையில் ஒரு தொழில் நிற்கும்படி அமைந்த கல்வி இது.

மலையாளிகளுக்கு நாடகம் கற்பித்த அத்தமிழர் தம் தமிழை இழந்தாரா? பின்னர் அவர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். யூரிப்பிடீஸ் என்னும் கிரேக்கப் புலவரின் 'திராய் நகரப் பெண்கள்' நாடகத்தைத் தழுவி 'வெறியாட்டம்' என மேடையேற்றினார். போரில் கணவரையும் மக்களையும் பறிகொடுத்த பெண்களின் துயரை உரைக்க அவர் கையாண்டது, நம் கிராமத்துப் பெண்களின் ஒப்பாரி. வெளியே கற்றது, வீட்டில் இருந்ததை அடையாளம் காண அவருக்குத் துணை செய்தது என்றே கருதுகிறேன்.

எனினும் அவர் தமிழ் வேரூன்றிய பின்னர் எல்லை கடந்தவர். நம் பிள்ளைகளோ எல்லைக்கு இப்பால் பிறந்தவர்கள். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். 'வந்து' என்பது 'வன்னு' என்றும், 'மாங்காய்' என்பது 'மாங்ங' என்றும் நாவில் புரள்வதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். ஆனால் மறுபுறமும் உண்டு. பெருநகரத் தமிழர் பலர் தொலைத்துவிட்ட ழகரத்தை இப்பிள்ளைகள் பிழையின்றி ஒலிக்கின்றனர். மலையாளம் அதனைக் காத்துத் தந்திருக்கிறது. இரு மொழியின் ஓசை வேறுபாட்டையும் பிரித்தறியும் செவி நடிகனுக்குப் பெரிய முதல். இப்பகுதியில் வழங்கும் தெக்கன் களரியும் அடிமுறையும் உடலுக்கு முதல். ஒருவரே கதை கூறி, பாடி, பல பாத்திரங்களாக மாறிப் பேசும் வில்லுப்பாட்டு மூன்றாவது முதல். இம்மூன்றும் கட்டணமின்றி நம் ஊரிலேயே கிடைப்பவை.

ஆதலால் திருச்சூருக்குச் செல்லும் பிள்ளையைத் தடுக்க வேண்டா. தமிழ் வழங்கும் ஊரில் பயில விரும்புவோர்க்குப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. அவர் 1922-இல் மறைந்ததும் அந்நகரிலேயே. அங்கு சேர்வதற்கு முதலில் ஏதேனும் ஒரு பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். நாடகம் மட்டுமே மாதந்தோறும் சம்பளம் தந்துவிடும் என்று எந்தக் கல்லூரியும் உறுதி கூறாது. பெற்றோர் இதனை அறிந்தே அனுப்புவது நன்று.

தேர்வுக்குச் செல்லுமுன், பிள்ளை நாள்தோறும் அரை மணி நேரம் தமிழ் உரைநடையை வாய்விட்டுப் படிக்கட்டும். பிழையைத் திருத்த வீட்டில் ஒரு பெரியவர் அருகிருக்கட்டும். நடித்துக் காட்டச் சொல்லும்போது திரைப்பட வசனம் ஒன்றை ஒப்பிப்பதைவிட, ஊர்க்கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டுக் கதையில் ஒரு பகுதியைத் தன் குரலில் சொல்லிக் காட்டட்டும்.