எல்லைக் கல்லும் நடுச் சுவரும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் திருவரங்கத்தில் ஆற்றிய உரை)



இந்த அவையில் பாதிப்பேர் காவிரியின் தென்கரையிலிருந்து வருகிறவர்கள். பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கிறோம். பாலத்தின் நடுவில் நின்று தெற்கே நோக்கினால் மலைக்கோட்டையும், அதற்கு அணித்தாக லூர்து அன்னை ஆலயத்தின் கூர்முனைக் கோபுரமும் தெரியும். வடக்கே திரும்பினால் 1987-ஆம் ஆண்டு நிறைவெய்திய தெற்கு இராசகோபுரம். இடையில் ஓடும் ஆற்றை எல்லையாக எண்ணி நம் கூட்டத்துக்கு வராமல் இருந்தவர் எவரும் இல்லர். மழையை எண்ணி வராமல் இருந்தவர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

திருமறையிலும் கிறித்தவ வாழ்விலும் எல்லைகள் என்ற பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தார். ஏழு மதில்கள் சூழ்ந்த ஊரில் வைத்து இதைப் பேசச் சொன்னது குறும்போ தற்செயலோ, அறியேன். ஆனால் மதில்களைப் பற்றி அயலானாக நின்று பேச எனக்கு உரிமை இல்லை. என் வீட்டுச் சுவரைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

விவிலியம் எல்லைகளையெல்லாம் அழிக்கச் சொல்லும் நூல் என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அது முழு உண்மையன்று. அந்நூலின் முதல் ஏடே பிரித்தலில் தொடங்குகிறது. ஒளி இருளினின்று பிரிகிறது. நீர் நீரினின்று பிரிகிறது. யோபு நூலில் கடலுக்குக் கதவும் தாழ்ப்பாளும் இட்டவர் தாமே என்று இறைவன் பேசுகிறார். இணைச்சட்ட நூல் இன்னும் ஒருபடி மேலே போய், அயலானின் எல்லைக் கல்லை நகர்த்துகிறவன் மேல் சாபம் கூறி, மக்கள் அனைவரையும் அதற்கு ஆமென் சொல்ல வைக்கிறது.

எல்லைக் கல்லை நகர்த்துவது என்றால் என்ன என்பதைக் காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரப்பை அண்டை வயல் பக்கமாக ஒரு மண்வெட்டி அகலம் சீவினால் போதும். பத்தாண்டில் ஒரு பாத்தி வந்துவிடும். எவருடைய வயலில் இதைச் செய்வார்கள்? ஆள்பலம் உள்ளவன் வயலில் செய்ய மாட்டார்கள். கணவனை இழந்தவள் வயலில் செய்வார்கள்; தந்தையற்ற பிள்ளையின் வயலில் செய்வார்கள். நீதிமொழிகள் நூல் இதை அறிந்தே பேசுகிறது. பழைய எல்லையைத் தொடாதே என்று சொல்லும்போது, அநாதைகளின் நிலத்தைக் குறிப்பிட்டு, அவர்களுக்காக வழக்காட ஒருவர் இருக்கிறார் என்று எச்சரிக்கிறது. நாபோத்து என்ற எளியவனின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அரசன் விரும்பிய கதையும் இதுதான். அரண்மனைக்கு அடுத்திருந்த ஒரு தோட்டத்தின் எல்லை, அரசன் கையைத் தடுத்து நின்றது. அதற்காக நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டான்; எலியா இறைவாக்கினர் வந்து அரசனைக் கேட்டார். ஆகவே எல்லை என்ற சொல்லைக் கேட்டவுடன் இடித்துத் தள்ளப் புறப்படுவது எளியவனுக்குத் தீங்காகவும் முடியலாம்.

இனி வேறொரு கல். எருசலேம் திருக்கோவிலில் வெளி முற்றம் வரையில் பிற இனத்தார் வரலாம். அதற்குமேல் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. மூன்று முழ உயரந்தான் என்று யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அதில் கிரேக்க மொழியிலும் இலத்தீன் மொழியிலும் எச்சரிக்கைக் கற்கள் பதித்திருந்தனர். 1871-ஆம் ஆண்டு கிளெர்மோன் கன்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் அக்கற்களுள் ஒன்றை முழுமையாகக் கண்டெடுத்தார். இன்று அது இசுதான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பொருள் சுருக்கமானது: பிற இனத்தான் எவனும் உள்ளே வரலாகாது, வந்து பிடிபட்டால், அடுத்து நேரும் சாவுக்கு அவனே பொறுப்பு. கொல்லுகிறவனுக்குப் பொறுப்பில்லையாம்! சுவர் கட்டுகிறவர்களின் மொழிநடை இரண்டாயிரம் ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை.

பவுல் கைதானது இந்தச் சுவரை முன்னிட்டே. எபேசு நகரத்துத் துரோப்பிமு என்ற நண்பரைச் சுவருக்கு உள்ளே அழைத்துச் சென்றுவிட்டார் என்ற ஐயத்தின் பேரில் நகரமே திரண்டது என்று திருத்தூதர் பணிகள் கூறுகிறது. உண்மையில் அவர் அழைத்துச் செல்லவில்லை. தெருவில் சேர்ந்து நடந்தார், அவ்வளவே. பின்னர் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில், இரு மக்களைப் பிரித்து நின்ற நடுச்சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்துவிட்டார் என்ற கருத்து வருகிறது. அந்த நடுச்சுவர் வெறும் உவமை என்று நான் படித்த காலத்தில் எண்ணினேன். அந்த வரியை முதலில் கேட்டவர்கள் எபேசு ஊரார். தங்கள் ஊர்க்காரன் ஒருவனைச் சாக்கிட்டு எழுந்த கலவரத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் கல்தான், முன்னதும் கல்தான். ஒன்று வலியவனை வெளியே நிறுத்தியது, மற்றொன்று அயலானை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சுவரைத் தாண்டுமாறு இறைவன் யாரிடம் சொல்கிறார்? யோப்பா நகரில் மாடியில் பசியோடு மன்றாடிக்கொண்டிருந்த பேதுருவுக்குக் காட்சி கிடைத்தது. தூயது, தீட்டானது என்ற பாகுபாடின்றி எல்லா உயிர்களும் ஒரே விரிப்பில் இறங்கின. மும்முறை மறுத்த பிறகே அவருக்குப் பொருள் விளங்கிற்று. பிறகு அவர்தாம் நடந்துபோய்க் கொர்னேலியுவின் வீட்டு வாசற்படியைத் தாண்டினார். மனம் மாற வேண்டியவர் வெளியே இருந்த உரோமைப் படைத்தலைவர் என்று நாம் நினைக்கிறோம். அந்தக் கதையில் கடினமாக மனம் மாறுகிறவர் உள்ளே இருந்த திருத்தூதர். அவரும் ஒருமுறை மாறியதோடு நிற்கவில்லை. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டுகொண்டிருந்தவர், ஊரார் சிலர் வந்ததும் பந்தியைவிட்டு விலகிக்கொண்டார். பவுல் நேருக்கு நேர் கண்டித்தார். திருச்சபையின் முதல் பந்திச் சண்டை அது.

திருவரங்கத்தார்க்கு இந்தக் கதை புதிதன்று. உறையூரில் பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வார் தீவில் கால் வைக்கத் துணியாமல் காவிரியின் தென்கரையில் நின்று பாடினார் என்றும், நீர் முகக்க வந்த உலோகசாரங்க முனிவர் எறிந்த கல் அவர்மேல் பட்டது என்றும், அரங்கன் நெற்றியில் குருதி கண்டது என்றும் குருபரம்பரை சொல்கிறது. அப்போது இறைவன் பாணரை அழைத்து உள்ளே வா என்று சொல்லவில்லை. கல்லெறிந்தவரை அழைத்து, தோளில் சுமந்து வா என்றான். பேதுரு நடந்தார், முனிவர் சுமந்தார். நான் இரு சமயங்களையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆணை யார் தலைமேல் விழுந்தது என்பதை மட்டும் காட்டுகிறேன். பாணர் இசைவாணர், கவிஞர். பத்தே பாசுரங்கள் பாடியவர். கல் பட்டவர் நம் இனத்தவர் என்பதைக் கவியரங்கில் மறக்கலாமா?

இப்போது என் வீட்டுச் சுவருக்கு வருகிறேன். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர். 1745-ஆம் ஆண்டு நீலகண்டன் என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் அங்கேதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எளிய குலத்தாரோடு கலந்து பழகியது அவர்மேல் கூறப்பட்ட குற்றங்களுள் ஒன்று. 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காட்டாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஞானத் தண்ணீர் பெற்ற அதே ஊரில், 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தை எப்படிக் கட்டினார்கள் தெரியுமா? பீடம் ஒன்று; அதை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு; இடையில் சுவர். ஒருபுறம் வேளாளர், மறுபுறம் மற்றவர். இரு சாராரும் குருவைக் காணலாம்; ஒருவரையொருவர் காண இயலாது. கட்டடக் கலையில் இதற்கு நிகரான சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் அறியேன்.

அந்தப் பகுதி அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தின் ஆளுகையில் இருந்தது. ஆகவே அது நம் ஊர்க் கதையும்தான். 1910-ஆம் ஆண்டு கௌசானல் அடிகளார் காலத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் வழக்குத் தொடுத்தனர். உயர் நீதிமன்றம் வரை சென்றும் சுவரை மீட்க முடியவில்லை. 2022 மே 15 அன்று உரோமையில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அவர் பெயரோடு நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. தூயகத்தில் சாதி நீங்க இருநூற்றெழுபது ஆண்டு.

கோவிலில் இடிந்தது கல்லறையில் நின்றது. நம் மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே தலித்துகளைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி இந்த அவையில் அறியாதவர் இருக்க முடியாது. 2010-ஆம் ஆண்டு பெரியார் இயக்கத்தினர் வந்து அதன் ஒரு பகுதியை இடித்தார்கள். கடவுள் இல்லை என்போர் வந்து எபேசியர் திருமுகத்தை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. இடித்த முறை சரியா, வளாகத்துக்குள் நுழைந்தது சட்டப்படி தகுமா என்று எங்களிடையே நடந்த விவாதங்களைக் கேட்டபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

அரசின் கோடு ஒன்றும் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியாராக இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத் தலித்து வெளியிலேயே நிற்கிறார். சாதி இல்லாத சமயத்துக்குப் போய்விட்டாய் என்கிறது அரசு. சுவருக்கு அந்தப்புறம் போ என்கிறது கல்லறை.

இவையெல்லாம் குருக்களும் ஊர்ப்பெரியவர்களும் செய்தவை, கவிஞர்களுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். நான் தயங்கித் தயங்கி வந்து சேர்ந்த இடம் இதுதான்.

தஞ்சை வேதநாயகம் சாத்திரியாரை அறியாத கிறித்தவத் தமிழர் இல்லை. 1774-இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்தவர், சரபோசி மன்னரால் போற்றப்பட்டவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். கிறித்தவ வழிபாட்டில் தமிழிசை இன்றும் ஒலிப்பதற்கு அவர் பெருங்காரணம். 1820-களின் இறுதியில் புதிதாய் வந்த மறைப்பணியாளர்களோடு அவர் கடுமையாக மோதினார். அவருடைய முறையீட்டில் நான்கு கொடுமைகள் கூறப்படுகின்றன. பழகிய திருமறை மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். ஆலயத்தில் தமிழ்ப் பாடல்களைத் தடுக்கிறார்கள். மலர் அணிவதை விலக்குகிறார்கள். எல்லாச் சாதியாரையும் ஒன்றாகக் கலக்கிறார்கள்.

முதல் மூன்றையும் படிக்கும்போது அவருக்காக எழுந்து நிற்கத் தோன்றுகிறது. நம் மொழி, நம் பாட்டு, நம் பூ. அயலான் நம் வரப்பைச் சீவுகிறான். கவிஞன் எல்லைக் கல்லைக் காக்கிறான். நான்காவதைப் படித்ததும் உட்கார்ந்துவிடுகிறேன். ஒரே கிண்ணத்தில் திருவிருந்து பருகச் சொன்னது அவருக்குக் கொடுமையாகப் பட்டிருக்கிறது. எல்லைக் கல்லும் நடுச்சுவரும் ஒரே மனிதர் நெஞ்சில், ஒரே முறையீட்டில், பக்கத்தில் பக்கத்தில். அவரைப் பழிக்க நான் தகுதியற்றவன். தம் தமிழைக் காப்பதும் தம் சாதியைக் காப்பதும் ஒன்றே என்று அவர் உளமார நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கை அவரோடு முடிந்ததென்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

அந்தச் சிக்கலை ஆராய்ந்துகொண்டிருந்த ஆயர் ஈபர், 1826 ஏப்ரல் 3 அன்று நம் ஊரில் இறந்தார். தூய யோவான் ஆலயத்தில் அடக்கமானார். அவர் மென்மையாகத் தீர்க்கலாம் என்று எண்ணினார். பின்வந்த ஆயர் வில்சன் 1833-இல் சாதி வேற்றுமை சபையில் அறவே கூடாதென்று ஆணையிட்டார்; பலர் சபையைவிட்டே வெளியேறினர்.

என் செய்தி ஒன்றையும் சொல்லி அமர்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது, பெயர் வேண்டாம், ஒரு சிற்றூரில் என் வகுப்புத் தோழனின் தந்தையார் இறந்தார். அடக்கத்துக்குப் போனேன். தோட்டத்தின் நடுவே இடுப்பளவுச் சுவர். அவர்கள் அந்தப்புறம். எல்லாரும் ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் இடும்போது நானும் குனிந்து மண் அள்ளினேன். பெரியவர் ஒருவர் என் தோளைப் பிடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த மண்ணை இந்தப்புறமே உதிர்த்துவிட்டேன். தோழன் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த வட்டத்தின் மூன்றாம் ஆண்டில், கல்லறைத் திருநாள் பற்றி நான் ஒரு கவிதை படித்தேன். நினைவிருக்கலாம். மெழுகுதிரிகள், செவ்வந்தி, நவம்பர் மழை எல்லாம் வரும். நீங்கள் மிகவும் பாராட்டினீர்கள். கூட்டம் கலைந்தபின் அடையவளஞ்சான் வீதி வழியாக நடந்து வருகையில், இங்கே வீற்றிருக்கும் மூத்த கவிஞர் ஒருவர் கேட்டார்: "உங்கள் ஊர்க் கல்லறையில் சுவர் உண்டா ஐயா?"

"உண்டு" என்றேன்.

"கவிதையில் காணோமே" என்றார்.

மலர்க் குழுவினர் இந்த மலரில் சேர்ப்பதற்கு அந்தக் கவிதையைத்தான் கேட்டார்கள். சுவரை வைத்துத் திருத்தி எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, நான்கு மாதம் முயன்றேன். கவிதை அமையவில்லை. அதற்கு ஈடாக இந்த உரையை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.