ஒரு யூனிட்டில் ஒரு நாள்



காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் வழியில் உள்ள ஐயம்பேட்டை எங்கள் ஊர். பட்டு நெசவுதான் அங்கே வாழ்வு. கூட்டுறவுச் சங்கத்திலாயினும் முதலாளியிடமாயினும் பட்டையும் சரிகையையும் நிறுத்தே தருவார்கள்; சேலை முடிந்து மடித்துக் கொண்டுபோனால், அதையும் நிறுத்தே வாங்கிக்கொள்வார்கள். கழிவு போக இரண்டு எடையும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராத எடை கூலியில் பிடிபடும். ஆகையால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு கற்பதற்கு முன்பே கணக்குக்கு அஞ்சக் கற்றவர்கள். அத்தகைய வீட்டில் பிறந்த நானும் என் தம்பியும் மின்சாரக் கணக்கில் எவ்வாறு தவறினோம் என்பதையே இன்று சொல்லப்போகிறேன்.

தம்பி பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கைகளும் அலமாரியும் பொருத்தி, நடமாடும் வீடாக ஆக்கினான். தாயாருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. நீரிழிவு நோய்க்காக நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். கடற்கரைச் சாலை வழியே வேதாரணியம், தொண்டி எல்லாம் பார்த்துக்கொண்டு இராமேசுவரம் போகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சித்திரை மாதத்தில் புறப்பட்டோம். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க, 12 வோல்ட்டில் ஓடும் சிறிய குளிர்ப்பெட்டி ஒன்றும் உடன் வந்தது.

வீட்டில் சுவரில் உள்ள துளையில் செருகினால் மின்சாரம் வருகிறது. எவ்வளவு வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. இரண்டு மாதத்திற்கு ஒரு முறை அட்டையில் எழுதிப்போவதோடு சரி. கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதத்திற்கு 300 யூனிட் வரை இலவசம் என்று 2023-இல் அரசு உயர்த்தியது. அதை நாள் கணக்காக்கினால் ஐந்து யூனிட் ஆகும். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்-மணி. நூறு வாட் விளக்கு ஒன்று பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். எங்கள் வேன் ஒரு நாள் முழுவதும் அந்த ஒரே ஒரு யூனிட்டுக்குள் வாழ வேண்டியிருந்தது.

கையிருப்பு என்ன என்று பாருங்கள். ஈய-அமில வகைப் பேட்டரி ஒன்று. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1800 வாட்-மணி. ஏறத்தாழ இரண்டு யூனிட் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. இவ்வகைப் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் குன்றும். ஆகவே பயன்படுத்தத் தக்கது 900 தான். மேலும், மேலே எழுதியிருக்கும் 150 என்ற எண், 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது. அவசரமாகப் பிடுங்கினால் அவ்வளவும் கிடைக்காது. வரவுக்குக் கூரைமேல் 150 வாட் சூரியப் பலகைகள் இரண்டு. ஓடும்போது எஞ்சினிலிருந்து கொஞ்சம்.

செலவுப் பட்டியலைத் தம்பி முன்னதாகவே எழுதியிருந்தான். குளிர்ப்பெட்டி ஓடும்போது 45 வாட். ஆனால் இடையிடையே நின்று நின்று ஓடும். சராசரி 18 வாட் என்றால் நாளுக்கு 430. சிறு விசிறிகள் இரண்டு, இரவு ஒன்பது மணி நேரத்துக்கு 270. விளக்குகளுக்கு 60. கைப்பேசிகள் நான்கிற்கு 60. ஆக 820. நல்ல வெயிலில் பலகைகள் ஆயிரம் வாட்-மணி தரும். வரவு செலவை விஞ்சுகிறது! பட்டியலைப் பார்த்து நானும் தலையசைத்தேன்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் உப்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கோயில் கொண்ட பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். மாலையில் அங்கே போய்ச் சேர்ந்தோம். பகலெல்லாம் ஓடி வந்ததால் பேட்டரி நிறைந்திருந்தது. ஊர் தாயாருக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு இரவு தங்குவோம் என்றார். வெயிலை விரும்பும் பிள்ளையாரின் ஊரில், நாங்கள் மட்டும் நல்ல நிழலாகத் தேடி, அடர்ந்த மரம் ஒன்றின் கீழ் வேனை நிறுத்தினோம்.

இரண்டாம் இரவு மூன்று மணி இருக்கும். விசிறி நின்ற புழுக்கத்தில் விழித்தேன். குளிர்ப்பெட்டியின் சிறு பச்சை விளக்கும் அணைந்திருந்தது. ஒரு காலத்தில் 1600 மெகாவாட் அனல்மின் நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்ட ஊர் அது. அங்கே எங்களிடம் ஒரு விசிறியைச் சுழற்ற 15 வாட் இல்லை. பெட்டிக்குள் திறந்த குப்பி ஒன்றும் திறவாத குப்பிகள் மூன்றுமாகத் தாயாரின் மருந்து.

எங்கே போயிற்று மின்சாரம்? கைவிளக்கு வெளிச்சத்தில் கணக்கைத் திரும்பப் பார்த்தோம். முதல் குற்றவாளி நிழல். பலகையில் பல சிறு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வரிசையில் சில செல்கள்மேல் நிழல் விழுந்தாலே அவ்வரிசை முழுவதன் மின்னோட்டமும் தடைப்படும். கால்வாயில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடை காய்வதைப் போன்றது இது. முழு நிழலில் அன்று கிடைத்தது இருநூறுகூடத் தேறியிராது. நிழல் மனிதர்க்கு இதம், பலகைக்குப் பட்டினி. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பலகைக்கு வெயில் வேண்டும், ஆனால் வெப்பம் ஆகாது. 25 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் திறன் குறையும். நம் சித்திரை வெயிலில் பலகை அறுபது பாகைக்கு மேல் கொதிக்கிறது. ஏழில் ஒரு பங்கு அதிலேயே போய்விடுகிறது.

இரண்டாம் குற்றவாளி பட்டியலிலேயே இல்லை. பேட்டரியின் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தை வீட்டு மின்சாரம் போல 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர். விசிறிகளும் குளிர்ப்பெட்டியும் அதைக் கேட்கவில்லை. 12 வோல்ட்டிலேயே அவை ஓடின. கைப்பேசிகளுக்காக மட்டுமே அதை இரவு பகல் என்று பாராமல் திறந்து வைத்திருந்தோம். எதையும் ஓட்டாமல் சும்மா இருந்தாலும் அது 15 வாட் தின்னும். இருபத்து நான்கு மணி நேரத்திற்கு 360. கைப்பேசிகளுக்குச் சென்றதோ 60! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்வார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை நான் கண்டதில்லை. எடைக் கணக்கில் வளர்ந்த நாங்கள், தராசுத் தட்டின் எடையையே கழிக்க மறந்திருந்தோம்.

அன்றிரவு ஒன்று மட்டும் சரியாக இருந்தது. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி தனியாகவும் வீட்டுப் பேட்டரி தனியாகவும் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டையும் வெறும் கம்பியால் இணைத்துவிடுவோர் உண்டு. அப்படிச் செய்திருந்தால் விடியற்காலையில் வேனும் கிளம்பியிராது. ஓடும்போது எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரத்தை அளந்து வாங்கி, நின்றவுடன் தொடர்பைத் துண்டிக்கும் ஒரு சாதனம் இடையே வேண்டும். 30 ஆம்பியர் தருவதாக இருந்தால், ஒரு மணி நேர ஓட்டம் 400 வாட்-மணியைச் சேர்க்கும். நாள் முழுவதும் மேகம் மூடும் ஐப்பசி, கார்த்திகையில் இதுவே கதி.

இது புதிய யோசனை என்று எண்ணாதீர்கள். நம் ரயில் பெட்டிகள் நெடுங்காலமாகச் செய்து வந்ததே இது. பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கி வைத்த இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவான பெட்டிகள் பலவற்றின் அடியிலும், சக்கர அச்சோடு வாரால் பிணைத்த மின்னாக்கி ஒன்றும் பேட்டரி வரிசையும் தொங்குவதைக் காணலாம். ஓடும்போது சக்கரமே மின்சாரம் தரும்; நிற்கும்போது பேட்டரி தரும். அத்தகைய பெட்டி சிறு நிலையத்தில் நெடுநேரம் நின்றுபோனால் விளக்குகள் மங்கத் தொடங்குவதை மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

அந்தப் பெட்டிகள் 110 வோல்ட்டில் இயங்குகின்றன. எங்கள் வேன் 12 வோல்ட்டில். ஏன் இந்த வேறுபாடு? இதைக் கல்லூரி மாணவர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மின்திறன் என்பது மின்னழுத்தமும் மின்னோட்டமும் பெருகிய தொகை. 1500 வாட் மின்னடுப்பு வீட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கிறது. அதே அடுப்புக்கு 12 வோல்ட் பேட்டரி 125 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டும். கம்பியில் வீணாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். மின்னோட்டம் இருபது மடங்கானால் அதே கம்பியில் வெப்பம் நானூறு மடங்கு. விரல் தடிமன் கம்பி வேண்டும். பேட்டரியின் முனையை ஒட்டியே ஃபியூஸ் வேண்டும். இல்லாவிட்டால் ஓடும் வீடு எரியும் வீடாகும். அடுப்பைப் பேட்டரியில் ஓட்டும் ஆசையைத் தம்பி விட்டதே நல்லது. சோறு, வெளியே வைத்த சிறு எரிவாயு அடுப்பில் வெந்தது.

ஈய-அமிலப் பேட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் அருகே படுப்பவர்கள் காற்றோட்டத்தை அடைக்கக் கூடாது.

ஊர் திரும்பியதும் கடைக்காரர் ஒருவர் இன்னொரு பேட்டரி வாங்கிப் போடச் சொன்னார். எல்லாரும் முதலில் சொல்வது அதுதான். வரத்துக் கால்வாய் தூர்ந்திருக்க ஏரியை மட்டும் ஆழப்படுத்தி என்ன பயன்? நாங்கள் முதலில் இன்வெர்ட்டரை அணைத்தோம். 12 வோல்ட்டிலிருந்தே கைப்பேசிக்கு மின்னேற்றும் முனை சில நூறு ரூபாய்தான். ஒரு பலகையைக் கூரையிலிருந்து கழற்றி, நீண்ட, தடித்த கம்பியில் இணைத்தோம். இப்போது வேன் நிழலில் நிற்கும், பலகை வெயிலில் கிடக்கும். இவ்வளவிலேயே கணக்கு நேரானது.

பழைய பேட்டரி ஓய்ந்த பிறகுதான் தம்பி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை வாங்கினான். 100 ஆம்பியர்-மணி, அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தயங்காமல் எடுக்கலாம். எடையும் பழையதில் நாலில் ஒரு பங்குதான். விலைதான் கையைக் கடித்தது. இவ்வகைப் பொருளை 1990-களில் ஆராய்ந்து வெளிப்படுத்தியது ஜான் குட்எனஃப் என்பவரின் ஆய்வுக்குழு. லித்தியம் பேட்டரி ஆய்வுக்காக 2019-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர்; அப்போது அவருக்கு வயது 97. 1859-இல் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் இட்ட நாளிலிருந்து அதுவரை 160 ஆண்டுகள்.

உப்பூரில் அந்த இரவை முடிக்காமல் வந்துவிட்டேன். நானும் தம்பியும் யாருடைய தவறு என்று பேசிக்கொண்டிருக்கையில் தாயார் எழுந்தார். “சண்டையைக் காலையில் போடுங்கள். அந்தச் சம்புடத்தை எடு” என்றார். இறுக மூடும் எவர்சில்வர் சம்புடத்தில் குப்பிகளை வைத்து, குடிநீருக்காகக் கொண்டுவந்திருந்த மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டார். பானையின் வெளிப்புறத்தில் ஈரத்துணி சுற்றினார். மண்ணின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் காஞ்சிபுரத்தில் குளிர்வதைப் போல அங்கே குளிராது. ஆயினும் சில பாகை குறைந்தது. அந்தச் சில பாகைதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

காலையில் இராமநாதபுரத்தில் மருத்துவர் ஒருவரைக் கேட்டோம். மருந்து கெடவில்லை, ஆனால் குளிர்ச்சி விட்டுப்போன குப்பிகளை ஒரு மாதத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்றார். தாயார் இராமேசுவரம் பார்த்துத் திரும்பினார்.

தம்பியின் வேனில் இப்போது நோட்டுப் புத்தகம் ஒன்று தொங்குகிறது. நெசவுக்காரர் வீட்டு எடைப் புத்தகம் போலவே வரவு, செலவு, இருப்பு என்று பத்தி பிரித்தது. மாலைதோறும் பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பார்த்து அதில் எழுதுகிறான். தாயாரின் சொற்படி அந்த மண்பானையும் பயணந்தோறும் இருக்கைக்கு அடியில் வருகிறது. செலவுப் பத்தியில் அதற்கும் ஒரு வரி உண்டு. எதிரே ஒரு சுழியம்.