பெட்டியில் உறங்கும் லோரி உரிமம்



பால் லோரி ஓட்டியவர் சிலர் மீண்டும் மரம் வெட்டப் போவதுண்டு. உரிமம் பெட்டிக்குள் போய்விடும். பின்னொரு நாள் ஓட்டுநர் வேலை காலியெனக் கேள்வியுற்று அதைத் தேடியெடுக்கும்போதுதான், அது எப்போதோ காலாவதியானது தெரியவருகிறது.

லோரி ஓட்ட இரண்டு உரிமங்கள் வேண்டும். ஒன்று, 'இ' வகுப்பு வாகனமோட்டும் உரிமம். மற்றது, ஜி.டி.எல். எனப்படும் சரக்கு வாகனத் தொழில் உரிமம். முன்னதைப் புதுப்பித்துப் பின்னதை மறப்பவரும் உளர்.

வாகனமோட்டும் உரிமம் முடிந்து 3 ஆண்டுகள் கடவாதிருந்தால், சாலைப் போக்குவரத்து இலாகாவில் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கலாம், தேர்வு இல்லை. கடந்துவிட்டாலோ, 20 ஆண்டுகள் லோரி ஓட்டியவரும் புதியவரைப்போலப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து மறுபடியும் தேர்வுக்கு அமர வேண்டும். அனுபவசாலிக்கு இது கசக்கும், நாம் மறுக்கவில்லை. பள்ளிக் கட்டணத்தோடு நாட்கூலியும் போகும். செலுத்தாத சம்மன் இருப்பின் அதையும் முதலில் தீர்த்துவிடுவது நலம்.

ஜி.டி.எல். பெற மருத்துவப் பரிசோதனை உண்டு. இரத்த அழுத்தமோ நீரிழிவோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அவரிடம் மறைத்த நோய், பாரமேற்றிய லோரி மலைச்சாலையில் இறங்கும் வேளையில் வெளிப்பட்டால் யார் தடுப்பது?

"தொழிற்சாலை பக்கந்தானே" என்று, காலாவதியான உரிமத்தோடு பொதுச்சாலையில் லோரியை எடுப்பது, 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம்.

இன்றிரவே பெட்டியைத் திறந்து தேதியைப் பாருங்கள். கைப்பேசியில் மைஜேபிஜே செயலி வைத்திருக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்தால், அதிலும் பார்த்துச் சொல்வார்கள்.