அறிமுகம் தேடும் வாலிபரும் லிங்க்ட்இன் செயலியும்

(சங்க மண்டபத்தில் வாலிபர் கூட்டத்தின்போது நிகழ்த்தப்பட்ட உரை)



கைத்தொலைபேசியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்தால், அதை மூடிவைத்துவிட்டுப் படியுங்கள் என்று சொல்லத்தான் எழுந்திருக்கிறான் என்று நினைப்பது நமது வழக்கம். இன்று நான் அதைச் சொல்ல வரவில்லை. அதைத் திறந்து ஒரு காரியம் செய்யுங்கள் என்று கேட்கவே வந்தேன். அக்காரியத்தை முதலிற் பிழையாகச் செய்து வெட்கப்பட்டவன் என்பதே இவ்விஷயத்தில் எனக்குள்ள தகுதி.

நமது பாட்டனார் காலத்தில் உத்தியோகம் எவ்வாறு கிடைத்தது என்பதைப் பெரியோர்கள் என்னிலும் நன்கு அறிவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறிய வாலிபர் பலர், அங்கே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராக அமர்ந்தனர். ஆங்கிலக் கல்வி அவர்களுக்குத் துணை நின்றது மெய்யே. ஆயினும் முன்னே போன மாமனோ, சிற்றப்பனோ, ஊரவரோ "இடம் உண்டு, புறப்பட்டு வா" என்று எழுதிய கடிதமும் துணை நின்றது. கடிதம் பெற்றவன் போனான். பெறாதவன் தோட்டம் கொத்தினான். இருவரில் எவன் கெட்டிக்காரன் என்று எவரும் சோதித்துப் பார்த்ததில்லை.

அவ்வழக்கம் இன்றும் ஒழிந்துவிடவில்லை. நான் மிஷன் பாடசாலையொன்றிற் கற்றவன். பல்கலைக்கழகத்தில் தொழிற்பயிற்சிக்கு இடம் தேடவேண்டிய காலம் வந்தபோது, பாடசாலையின் பழைய மாணவர் ஒருவருக்கு நாலு வரி எழுதினேன். மூன்று நாளில் இடம் கிடைத்தது. என்னுடன் ஒரே அறையிற் தங்கியிருந்த நண்பன் வன்னிக் கிராமமொன்றிலிருந்து வந்தவன். கணிதத்தில் என்னை விடக் கெட்டிக்காரன். ஆனால் அவனுடைய பாடசாலையிற் படித்தவர் எவரும் கொழும்பிலே அத்தகைய கந்தோர்களில் இருக்கவில்லை. தந்தையார் வயல் செய்பவர். அவருக்குத் தெரிந்த பெரிய மனிதர் கிராம அலுவலர் ஒருவரே. அவன் பதினொரு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினான். ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கூச்சமாயிருக்கிறது.

நிற்க, லிங்க்ட்இன் என்பது யாது? 2002ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரீட் ஹொஃப்மன் என்பவரும் கூட்டாளிகளும் தொடங்கி, 2003 மே மாதம் 5ஆம் திகதி திறந்துவைத்த தொழில்சார் இணையத்தளம் அது. 2016இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை 2,620 கோடி டொலருக்கு வாங்கிற்று. உறுப்பினர் தொகை 100 கோடியைத் தாண்டிவிட்டது என 2023இல் அறிவிக்கப்பட்டது. ஒருவர் எங்கே கற்றார், எங்கே தொழில் செய்கிறார், அவருக்கு என்ன தெரியும் என்பவையே அங்கு அவருடைய பக்கம். இருவர் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டால் அது முதற்படித் தொடர்பு. நண்பரின் நண்பர் இரண்டாம் படி. அவருக்கும் அப்பால் மூன்றாம் படி. கைத்தொலைபேசியில் ஒருவரது பக்கத்தைத் திறந்தால், அவர் உமக்கு எத்தனையாம் படி என்பதும், உங்கள் இருவரையும் அறிந்தவர் யார் என்பதும் தெரியவரும். இச்செயலியின் பெரும் பயன் இது ஒன்றே என்பது என் கருத்து. யாருக்கு யாரைத் தெரியும் என்ற செய்தி முன்னாளிற் சில வீட்டு விறாந்தைகளில் மாத்திரமே பேசப்பட்டது. இன்று வன்னி நண்பனும் அதைப் பார்க்கலாம்.

அப்படியாயின், யாரை அணுகுவது? நெருங்கிய உறவினரையா, முற்றும் அந்நியரையா? மார்க் கிரனோவெற்றர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரையொன்று இதற்கு விடை தேடிற்று. பொஸ்டன் நகருக்கு அருகே நியூட்டன் என்னும் ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களை அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களுள், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தோர் நூற்றுக்கு 16.7 பேரே. இடையிடையே சந்தித்தோர் 55.6, மிக அருமையாகச் சந்தித்தோர் 27.8. காரணம் எளிது. நம்மோடு தினமும் தேநீர் குடிப்பவனுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். சற்றுத் தூரத்திலிருப்பவன் வேறு சங்கதி கொண்டுவருகிறான்.

இதனை லிங்க்ட்இன்னிலேயே சோதித்த ஆய்வொன்று 2022இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளில் 2 கோடிக்கு மேற்பட்ட உறுப்பினருக்கு "இவரை நீர் அறிந்திருக்கலாம்" என்று காட்டப்படும் பெயர்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மிக நெருங்கியவரும் அன்றி, மிகத் தொலைவானவரும் அன்றி, பொதுவான நண்பர் சிலரைக் கொண்ட நடுத்தரப் பழக்கத்தினரே வேலை மாற்றத்திற்கு மிகவும் உதவினர் என்று கண்டார்கள். (அந்த 2 கோடிப் பேருக்கும் தாம் சோதிக்கப்படுவது தெரியாது என்ற கண்டனமும் எழுந்தது. அது நியாயமான கண்டனமே.)

இனி என் வெட்கத்தைச் சொல்கிறேன். நான் இச்செயலியைத் தரவிறக்கிய அன்று, 'மை நெற்வேர்க்' என்ற பகுதியில் வரிசையாகத் தோன்றிய முகங்களுக்குக் கீழுள்ள 'கனெக்ட்' பொத்தானை, புளியங்கொட்டை பொறுக்குவது போல ஒரு மணித்தியாலம் தொட்டுக்கொண்டே போனேன். அங்கே தொட்டவுடன் ஒரு சொல்லும் இல்லாத அழைப்புப் போய்விடும். போதாததற்கு, என் தொலைபேசியிலிருந்த பெயர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளவா என்ற கேள்விக்கும் வாசியாமலே சம்மதம் கொடுத்தேன். அடுத்துத் தோன்றிய ஒவ்வொன்றுக்கும் சம்மதமே கொடுத்தேன். அழைப்பு எங்கள் விரிவுரையாளருக்குப் போயிற்று. அறை வாடகைக்குத் தந்த அம்மாவுக்கும் போயிற்று. "தம்பி, இது என்ன, வாடகை விஷயமோ?" என்று அவர் கேட்டார். அவசரம் என்னுடையது, வேறெவரையும் நோவதற்கில்லை. எனினும், உறுப்பினரின் முகவரிப் புத்தகத்திலுள்ளோருக்கு நினைவூட்டல்கள் திரும்பத் திரும்பச் சென்றமை பற்றிய வழக்கொன்றில், 2015இல் அந்நிறுவனம் 130 இலட்சம் டொலர் கொடுத்து இணக்கத்திற்கு வந்தது என்பதை அறிந்துவைத்திருப்பது நல்லது. தொலைபேசியிலுள்ள இலக்கங்கள் பிறருடையவை. அவற்றைக் கொடுக்குமுன் நின்று யோசியுங்கள்.

அன்று நான் தொட்ட முகங்களில் ஏறத்தாழ எழுபது பேர் என்னை ஏற்றுக்கொண்டனர். அவர்களில் ஒருவருடனாவது இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

நண்பன் வேறு விதமாகச் செய்தான். எங்கள் பீடத்திலே சில ஆண்டுகளுக்கு முன் படித்து வெளியேறிய ஒருவரைத் தேடிக் கண்டான். இரண்டாம் படி, இருவருக்கும் பொதுவாக எங்கள் செயல்முறை வகுப்பு ஆசிரியர் இருந்தார். முதலில் அவரிடம் போய், "சேர், உங்கள் பெயரைச் சொல்லலாமோ?" என்று அனுமதி கேட்டான். பின்னர், அழைப்போடு குறிப்பெழுதும் இடத்தில் ஆங்கிலத்தில் எழுதினான். தமிழிற் சொன்னால் இவ்வளவே: "அண்ணா, நானும் அதே பீடத்து மாணவன். நீங்கள் செய்யும் தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு எதை முதலிற் கற்கவேண்டும் என்று அறிய விரும்புகிறேன். பத்து நிமிடம் பேசமுடியுமா?" வேலை கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டிருந்தால், இல்லை என்ற பதிலோடு அது முடிந்திருக்கும். அக்குறிப்புக்கு இடம் சில நூறு எழுத்துக்கள் மாத்திரமே. கட்டணம் செலுத்தாதவர் குறிப்போடு அனுப்பும் அழைப்புக்களுக்கு மாத வரையறையும் உண்டு. ஆகவே ஒவ்வொன்றையும் யோசித்தே அனுப்பவேண்டும்.

ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் வந்தது. அவருடைய கந்தோரில் இடமில்லை; ஆனால் இன்னொருவரின் பெயரைக் கொடுத்தார். அந்த இன்னொருவர் மூன்றாமவரைக் காட்டினார். அந்த மூன்றாமவரிடமே நண்பனுக்குப் பயிற்சியிடம் கிடைத்தது. கிடைத்த அன்றிரவே, முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் நன்றி எழுதினான். நானாயிருந்தால் மறந்திருப்பேன்.

உங்கள் பக்கத்தை எழுதும்போது உள்ளதை எழுதுங்கள். 'தலைவர்', 'நிபுணர்' என்ற பட்டங்கள் இருபத்திரண்டு வயதில் நகைப்புக்கு இடமாகும். பிரதேச சபை நூலகத்துக்கு நூற்பட்டியல் செய்துகொடுத்திருந்தால் அதை எழுதுங்கள், அது போதும்.

ஒரு ஆபத்தையும் சொல்லவேண்டும். வெளிநாட்டிற் கணினி வேலை என்று நம்பிப் போன நம் நாட்டு வாலிபர் சிலர், மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டிருந்து, 2023, 2024ஆம் ஆண்டுகளில் மீட்கப்பட்டனர். இச்செயலியால் அகப்பட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முகமறியாத ஒருவர் எத்தளத்தில் வந்து வேலை தருகிறேன் என்றாலும், முகவர் உரிமம் பெற்றவரா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். பணமோ கடவுச்சீட்டோ கேட்டால் வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

பெரியோர்களிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. வாலிபர் எழுதக் கற்றால் மாத்திரம் போதாது. மறுபுறத்திற் பதில் எழுத ஒருவர் வேண்டும். உங்களிற் பலர் வங்கியிலும், வைத்தியசாலையிலும், நீர்ப்பாசனப் பகுதியிலும் முப்பது வருடம் இருந்தவர்கள். நீங்கள் ஒரு பக்கம் திறந்துவைத்தால், பழைய மாணவர் சங்கமில்லாத பாடசாலைப் பிள்ளைக்கு நீங்கள் இரண்டாம் படி ஆகிவிடுவீர்கள்.

கூட்டம் முடிந்தபின் வாசிகசாலை மேசையருகே நான் நிற்பேன். செயலியின் தேடற் பெட்டியின் ஓரத்திலுள்ள சதுரக் குறியைத் தொட்டால், ஒருவர் தொலைபேசியை மற்றவர் தொலைபேசிக்குக் காட்டியே அறிமுகமாகலாம். மூக்குக் கண்ணாடியை மறந்து வந்தவர்களுக்கு நான் வாசித்துச் சொல்வேன்.